குடியை விட நினைப்பவருக்குக் கூட்டம் எங்கே?



இந்த மாதப் பாடம் குடியைப் பற்றியது. குடி கெடுதி என்று நமக்கு யாரும் புதுசாகச் சொல்லத் தேவையில்லை. சம்பள நாள் ராத்திரி லயத்துல நடக்கிறதை நாம எல்லோரும் பார்த்துத்தான் இருக்கிறோம். ஆகவே புத்திமதியை விட்டுவிட்டு, குடியை விடணும் என்று மனசு வந்த ஒருத்தர் அடுத்து எங்கே போகணும், யாரைப் பார்க்கணும், என்ன கேட்கணும் என்பதை மட்டும் இங்கே படிப்போம். வாசிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

1. ஒரு ராத்திரி வந்த போன்

1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வவுனியா, திருகோணமலைப் பக்கம் போய்க் குடியேறிய நம்ம சனம் ஏராளம். நம்மில் பலருக்கு அங்கே அண்ணன், தம்பி, சின்னம்மா பிள்ளைகள் இருக்கிறார்கள். அப்படி ஒரு தம்பி திருகோணமலை நகரத்தை ஒட்டிய அன்புவழிபுரத்தில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூலி வேலை. மூன்று பிள்ளைகள். வேலை கிடைத்த நாளில் சாயந்தரம் தவறணை. கிடைக்காத நாளில் கடன் சொல்லிக் கசிப்பு.

ஒருநாள் மூத்த மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். அப்பா வாசலில் விழுந்து கிடக்கிறார். பிள்ளை அழவில்லை, சத்தம் போடவில்லை. தம்பியையும் தங்கச்சியையும் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள். அதுகளுக்கு அது பழகிப்போச்சு. பழகிப்போச்சு என்பதுதான் அந்தத் தம்பியைச் சுட்டது. தெளிந்த பிறகு, ராத்திரி, தோட்டத்தில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டார்.

"அக்கா, இதை விடணும்க்கா. தனியா முடியல. எங்க போறதுன்னே தெரியல."

அக்கா என்ன சொல்வார்? "மாரியம்மனுக்கு நேர்ந்துக்க", "பிள்ளைங்க தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றுதான் வழக்கமாக நாம் சொல்வோம். நேர்த்திக்கடன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சத்தியம் மட்டும் தனியாக நின்றால், பெரும்பாலும் அடுத்த சம்பளம் வரைக்கும்தான் நிற்கும். அந்த அக்காவுக்கு வேறு பதில் கையில் இருக்கணும். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

2. முதலில் உடம்பைப் பார்ப்போம்

ஆசைக்குக் குடிக்கிறவர் வேறு, குடிக்காமல் இருக்க முடியாதவர் வேறு. காலையில் கை நடுங்கி, ஒரு மடக்கு உள்ளே போனால்தான் நடுக்கம் நிற்கிறது என்றால் அது குடிநோய். முன்பு அரைப் போத்தலில் வந்த போதை இப்போது முழுப் போத்தலிலும் வரவில்லை, "இன்றைக்குக் கொஞ்சம்தான்" என்று போய் அளவு தெரியாமல் குடித்துவிட்டு வருகிறார், பேர் போடுவது குறைந்தும் குடி குறையவில்லை என்றால் இவையும் அதே நோயின் அடையாளங்கள். அவரை "ரோசம் கெட்டவன்" என்று ஏசுவதால், சீனி வருத்தக்காரரை ஏசிச் சீனியைக் குறைத்த மாதிரிதான் இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நாளாந்தம் நிறையக் குடிக்கிறவர் ஒரே நாளில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நிறுத்திய முதல் நாளிலேயே நடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை வரலாம். இரண்டு நாளைக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத ஆளைப் பார்க்கிறது, பூச்சி ஊர்கிறது என்கிறது, நேரம் இடம் தெரியாமல் பேசுகிறது எல்லாம் வரலாம். "பேய் பிடிச்சிருச்சு" என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போவோம். அது பேய் இல்லை. உயிரையே கொண்டுபோகக்கூடிய நிலை. உடனே 1990 இலக்கத்துக்குப் போன் போட்டு சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காசு இல்லை.

ஆகவே நிறுத்துவதற்கு முன்பே ஆஸ்பத்திரிக்குப் போவது நல்லது. அங்கே நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து தருவார்கள். குடியால் உடம்பில் குறைந்துபோன பி1 விட்டமினும் கொடுப்பார்கள்.

இன்னொன்று. குடிக்கிறவருக்குத் தெரியாமல் சோற்றில், தேத்தண்ணியில் கலந்து கொடுக்கிற மருந்து என்று சிலர் விற்கிறார்கள். வாங்காதீர்கள். குடியோடு சேர்ந்தால் நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, ஆளையே ஆபத்தில் தள்ளுகிற மருந்து இருக்கிறது. அப்படிப்பட்ட மருந்தை டொக்டர் எழுதி, குடிக்கிறவரே தெரிந்து சம்மதித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி மருந்து உடம்பிலிருந்து சாராயத்தை இறக்கும். வீட்டுக்கு வந்த பிறகு சாயந்தரம் ஐந்து மணிக்கு மனசு தவறணைப் பக்கம் இழுக்குமே, அதற்கு என்ன மருந்து? அங்கேதான் கூட்டம் வருகிறது.

3. ஹோட்டலில் நின்ற ஒருவர்

1935 மே மாதம். அமெரிக்காவில் அக்ரன் என்ற ஊர். நியூயோர்க்கிலிருந்து வியாபார வேலையாக வந்த பில் என்பவர் ஒரு ஹோட்டலில் தனியாக நிற்கிறார். வந்த வேலை தோற்றுப்போனது. பெருங்குடிகாரராக இருந்து, குடியை விட்டு அப்போதுதான் ஐந்து மாதம். ஹோட்டலின் ஒரு பக்கம் மதுக்கூடம், உள்ளே சிரிப்பும் சத்தமும். இன்னொரு பக்கம் தொலைபேசி, பக்கத்தில் அந்த ஊர்த் தேவாலயங்களின் பட்டியல்.

அவர் தொலைபேசிப் பக்கம் போனார். ஒரு பாதிரியாருக்குப் பேசினார். "நான் குடியை விட்டவன். குடிக்காமல் இருக்க எனக்கு இன்னொரு குடிகாரரோடு பேச வேண்டும்" என்ற பொருளில் கேட்டார். ஒருவர் மூலம் இன்னொருவர் என்று தேடி, அந்த ஊரின் சத்திரசிகிச்சை டொக்டர் பொப் என்பவரிடம் வழி கிடைத்தது. அவரும் குடியால் சீரழிந்துகொண்டிருந்தவர். பதினைந்து நிமிடம்தான் பேசுவேன் என்று வந்த டொக்டர் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். புத்தி சொல்ல வந்த ஆள் இல்லை, தன்னைப் போலவே விழுந்து எழும்பியவர் பேசுகிறார் என்பதுதான் காரணம்.

கதை அதோடு முடியவில்லை. சில வாரங்களில் டொக்டர் பொப் ஒரு வைத்திய மாநாட்டுக்குப் போய் மறுபடியும் குடித்துவிட்டார். பில் அவரைக் கைவிடவில்லை. 1935 ஜூன் 10ஆம் திகதி அவர் குடித்ததுதான் கடைசி. அந்த நாளையே "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்" என்ற அமைப்பின் பிறந்தநாளாகக் கணக்கிடுகிறார்கள். சுருக்கமாக ஏ.ஏ. என்பார்கள். பேர் சொல்லத் தேவையில்லாத குடிநோயாளர் சங்கம் என்று பொருள். 1939ஆம் ஆண்டு அவர்களுடைய புத்தகம் வந்தது. இன்று உலகம் முழுவதும் இப்படிக் கூட்டங்கள் நடக்கின்றன.

இரண்டு பேர், ஒரு மேசை, ஒரு பேச்சு. அதற்குக் கட்டடம் தேவைப்படவில்லை, காசும் தேவைப்படவில்லை.

4. கூட்டத்துக்குள் என்ன நடக்கும்?

நிறையப் பேர் இதற்குத்தான் பயப்படுகிறார்கள். "எழும்பி நின்னு பேசச் சொல்லுவாங்களோ, பேப்பர்ல கையெழுத்து வாங்குவாங்களோ, மதம் மாத்துவாங்களோ" என்று. நடப்பது இதுதான்:

ஒரு அறையில் கதிரை போட்டு உட்காருவார்கள். மணித்தியாலம் ஒன்று, ஒன்றரை. ஒருவர் நடத்துவார், அவரும் குடியை விட்டவர்தான். ஒவ்வொருவராகத் தன் கதையைச் சொல்வார். மற்றவர் குறுக்கே பேசமாட்டார், வாதாடமாட்டார். பேச விருப்பமில்லை என்றால் சும்மா கேட்டுக்கொண்டிருக்கலாம். சொந்தப் பேரைக்கூட முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை.

சந்தா கிடையாது. செலவுக்கு உள்ளவர்கள் இயன்றதைப் போடுவார்கள். இல்லாதவர் போட வேண்டாம். சேர்வதற்கு ஒரே ஒரு தகுதிதான்: குடியை விடணும் என்ற ஆசை. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிப் பேச்சு வரும். ஆனால் அவரவர் விளங்கிக்கொண்டபடி என்று விட்டுவிடுகிறார்கள். கோயிலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர், பள்ளிவாசலுக்குப் போகிறவர், ஒன்றுக்கும் போகாதவர் எல்லோரும் வரலாம்.

"இனி வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன்" என்று அங்கே சத்தியம் வாங்கமாட்டார்கள். இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளைக்கு நாளைய பாட்டைப் பார்ப்போம் என்பார்கள். நாட்கூலிக்காரனுக்கு இது நன்றாக விளங்கும். நாமும் ஒவ்வொரு நாளாகத்தானே பேர் போடுகிறோம்.

இதனால் பலன் உண்டா என்று கேட்டால், 2020ஆம் ஆண்டு வெளிவந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதற்கு, இந்த மாதிரிக் கூட்டமும் அதில் சேர்த்துவிடும் சிகிச்சை முறையும் மற்றச் சிகிச்சைகளுக்குக் குறையாமல், சிலவற்றை விடக் கூடுதலாகவே உதவுகின்றன என்று கண்டது.

5. மஞ்சக்குடிக்கு வந்த ஆஸ்பத்திரி

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊருக்குச் சரி, நமக்குச் சரிவருமா?" என்று கேட்பீர்கள். தமிழ்நாட்டைப் பாருங்கள்.

சாந்தி ரங்கநாதன் என்பவரின் கணவர் குடிநோயால் இளம் வயதிலேயே இறந்தார். அந்தத் துக்கத்தோடு அவர் முடங்கிவிடாமல், 1980ஆம் ஆண்டு சென்னையில் கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கி, குடிநோயாளருக்கு ஆஸ்பத்திரி நடத்தினார். 1992ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.

நமக்கு இதில் முக்கியம் அவர்கள் மஞ்சக்குடியில் செய்த வேலை. இன்றைய திருவாரூர் மாவட்டத்துக் கிராமம் அது. சென்னைக்கு வந்து படுத்து வைத்தியம் பார்க்க கிராமத்துக் கூலிக்காரனால் முடியாது. ஆகவே ஆஸ்பத்திரியே கிராமத்துக்குப் போனது. ஊருக்குள்ளேயே முகாம் போட்டு, குடிநோயாளரைக் கூட்டமாகத் தங்கவைத்து, மருந்தும் கொடுத்து, சேர்ந்து பேசவும் வைத்தார்கள். வீட்டுக்காரிகளையும் வரவழைத்துப் பேசினார்கள். முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்த்தார்கள். இந்த அனுபவத்தை 1994ஆம் ஆண்டு வெளிநாட்டு வைத்திய சஞ்சிகையில் எழுதினார்கள்.

ஒரே ஊரில் பத்துப் பேர் சேர்ந்து விட்டால், சாயந்தரத்தில் சேர்ந்து உட்கார ஆள் இருக்கிறது. "மச்சான், வாடா ஒரு ரவுண்டு" என்று கூப்பிட ஒருவன் வந்தாலும், "வா, தேத்தண்ணி குடிப்போம்" என்று சொல்ல ஒன்பது பேர் பக்கத்தில் இருக்கிறார்கள். மஞ்சக்குடியிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான்.

6. அன்புவழிபுரத்தில் இருக்கிற தம்பி எங்கே தேடுவார்?

இப்போது அக்காவின் பதிலுக்கு வருவோம். தம்பிக்கு அவர் சொல்ல வேண்டியவை:

ஒன்று: 1926க்குப் போன் போடு. அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், தமிழில் பேசச் சொல்லிக் கேட்கலாம். 1927 தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் ஆலோசனை இலக்கம். எந்த இலக்கத்துக்குப் பேசினாலும், "திருகோணமலையில எனக்குக் கிட்ட எங்க போகலாம்?" என்று கேள்.

இரண்டு: திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் மனநலப் பிரிவு எங்கே என்று கேள். மனநலம் என்றதும் "நான் பைத்தியமா?" என்று கோபப்படாதே. குடிநோய்க்கு வைத்தியம் பார்க்கிறது அங்கேதான். இலவசம்.

மூன்று: திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேள். கிராம சேவகர் வழி காட்டுவார். குடும்ப சுகாதார மருத்துவ மாது வீடு வீடாக வருகிறவர், அவரிடம் உன் வீட்டுக்காரி கேட்கலாம்.

நான்கு: கொழும்புக்குப் போக வர உள்ளவர் என்றால், இலங்கை சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையம் குடியிலிருந்தும் போதையிலிருந்தும் விடுபட உதவுகிறது. ஏ.ஏ. கூட்டங்களும் கொழும்பில் நடக்கின்றன.

எங்கே கேட்டாலும் இந்த ஐந்து கேள்வியை மறக்காதே. ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்:

- குடியை விட்டவர்கள் கூடிப் பேசுகிற குழு இங்கே நடக்குதா?
- எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு?
- தமிழில் பேசுவாங்களா?
- முதல் தடவை என் வீட்டுக்காரியும் கூட வரலாமா?
- இங்கே இல்லை என்றால், கிட்ட எங்கே இருக்கு?

முதல் ஆள் "தெரியாது" என்று சொன்னால் இரண்டாம் ஆளைக் கேட்க வேண்டும். அக்ரன் ஊரில் பில்லும் ஒருவர் மூலம் இன்னொருவர் என்றுதான் போய்ச் சேர்ந்தார். குடிக்கிற ஆள் ஒரு தடவை "இல்லை" என்று கேட்டதும், "பார்த்தியா, நமக்கு ஒண்ணும் இல்ல" என்று நேரே தவறணைக்குப் போய்விடுவார். ஆகவே கேட்கிற வேலையைச் சொந்தக்காரர் ஒருவர் கூட நின்று செய்வது நல்லது.

எங்கேயும் கிடைக்கவில்லையா? ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துக் குடியை விட்ட இன்னொரு ஆளைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு பேர் கிழமைக்கு ஒருநாள், ஒரே நேரம், ஒரே இடத்தில் உட்கார்ந்தால் அதுவே கூட்டம்.

7. லயத்தில் ரகசியம் நிற்குமா?

தோட்டத்தில் இதுதான் பெரிய சிக்கல். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். யார் கூட்டத்துக்குப் போனார் என்பது பிரட்டுக்கு வருவதற்குள் மலை முழுக்கத் தெரிந்துவிடும். "ஓ, இவரு திருந்தப் போறாராம்" என்று நக்கல் வேறு. குடித்து விழுந்தபோது வராத வெட்கம், கூட்டத்துக்குப் போகும்போது வருகிறது.

இதற்கு மூன்று வழி. முதல் வழி, பக்கத்துத் தோட்டத்திலோ டவுனிலோ நடக்கிற கூட்டத்துக்குப் போவது. இரண்டாவது, நம் தோட்டத்திலேயே நடத்தினால் கடைசியில் எல்லோரும் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது: இங்கே யார் வந்தார், என்ன சொன்னார் என்பது இந்தக் கதவைத் தாண்டாது. அதை மீறினவரிடம் உடனே பேசித் தீர்க்க வேண்டும். மூன்றாவது, கூட்டத்தைத் தோட்ட நிர்வாகத்திடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ ஒப்படைக்காமல் இருப்பது. இடம் கேட்கலாம், பிள்ளை மடுவமோ வாசிகசாலையோ சாயந்தரத்தில் சும்மாதான் இருக்கும். ஆனால் யார் வந்தார் என்ற பேர்ப் பட்டியலை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

தோட்ட வைத்திய உதவியாளரிடம் முதலில் பேசுங்கள். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தேவைப்பட்டால் அவர் உதவுவார்.

8. வீட்டில் இருக்கிற பெண்களுக்கு

அவர் குடிக்கிறது உங்களால் இல்லை. நீங்கள் சண்டை போட்டதால் அவர் குடிக்கவில்லை. நீங்கள் சும்மா இருந்தாலும் குடித்திருப்பார். அவருக்காகப் பொய் சொல்லிக் கணக்கப்பிள்ளையிடம் லீவு கேட்பது, தவறணைக் கடனைக் கொழுந்துக் காசில் அடைப்பது, இவற்றை நிறுத்தலாம். அவர் தன் கடனைத் தானே பார்க்கட்டும்.

குடிநோயாளரின் குடும்பத்துக்கென்றே 1951ஆம் ஆண்டு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உருவானது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில்லின் மனைவி. அவருக்கும் உதவி தேவைப்பட்டது. நம் லயத்திலும் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசலாம்.

அடி உதை என்றால் "அவரு குடிச்சாத்தான் அப்படி" என்று பொறுக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929.

9. மறுபடி குடித்துவிட்டால்?

குடிக்கலாம். டொக்டர் பொப்பும் குடித்தார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று வீட்டார் தலையில் கை வைக்காமல், அவரை அடுத்த கூட்டத்துக்கே கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே யாரும் ஏசமாட்டார்கள். அங்கே இருக்கிறவர்களில் பலர் இப்படித் திரும்பி வந்தவர்கள்தான். போகாமல் இருப்பதுதான் ஆபத்து. குடித்த வெட்கத்தில் ஒரு கூட்டத்தை விட்டவர், அடுத்ததையும் விடுவார்.

அன்புவழிபுரத்துத் தம்பியின் அக்கா அன்றைக்கு ராத்திரி என்ன சொல்லியிருக்கலாம்? "தம்பி, சத்தியம் ஒண்ணும் வேணாம்டா. நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நானே போன் பண்றேன். ரெண்டு பேருமா 1926க்குப் பேசுவோம். அதுக்குப் பிறகு நீ ஆஸ்பத்திரிக்குப் போ. போயிட்டு வந்து எனக்குச் சொல்லு." இவ்வளவுதான். மகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அப்பா உட்கார்ந்து இருப்பாரா என்பது, ஒருவேளை இந்த ஒரு போனில் தொடங்கலாம்.

கலந்துரையாட

1. போன மாதம் உங்கள் வீட்டில் குடிக்குப் போன காசைக் கணக்குப் பாருங்கள். அது எத்தனை நாள் பேருக்குச் சமம்?
2. நம் தோட்டத்தில் குடியை விட்டவர் யாராவது இருக்கிறாரா? அவர் சம்மதித்தால், மற்றவரோடு பேச அழைக்க முடியுமா?
3. கிழமைக்கு ஒருநாள் கூடிப் பேச எந்த இடம், எந்த நேரம் வசதி?
4. கூட்டத்துக்குப் போகிறவரை நக்கல் அடிக்கிறவரிடம் நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்

மனநல உதவி: 1926
போதை, குடி ஆலோசனை: 1927
அம்புலன்ஸ்: 1990
பெண்கள் உதவி: 1938
சிறுவர் உதவி: 1929